போலந்துக்கு லோடு ஏற்றிய மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் அவர் எத்தனையாவது ஆள் என்று நான் எண்ணி வைக்கவில்லை. அம்மா எண்ணி வைத்திருந்தாள். கேட்டால் சொல்லிவிடுவாள் என்பதால் நான் கேட்டதில்லை.

வீட்டில் பெண் பார்க்கும் வழக்கத்தை அதற்குள் அப்பா நிறுத்திவிட்டிருந்தார். கேசரி கிண்டி, தெருக்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்து, வந்தவர்கள் "வீட்டுக்குப் போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்று கிளம்பிய பிறகு ஒரு வாரத்துக்கு அம்மா போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்க்க அப்பாவால் முடியவில்லை. கோவிலில் வைத்துக்கொள்வோம் என்றார். ஸ்ரீவில்லிபுத்தூரில் கோவிலுக்குப் போகிறவர்களை யாரும் எதற்கு என்று கேட்பதில்லை. பிடிக்கவில்லை என்றாலும் ஆண்டாளைச் சேவித்த புண்ணியமாவது மிஞ்சும்.

நான் எங்கள் ஊரிலேயே ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். அவர் ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரீசியன். அப்பா இறந்துவிட்டார், அம்மா மட்டும்தான், கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்று தரகர் சொல்லியிருந்தார். இதற்கு முன்னால் வந்தவர்களைப் பற்றியும் அவர் இதையேதான் சொன்னார் என்பதால் நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பெரியவர்கள் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் இருவரையும் பார்வைக்கு எட்டும் தூரத்தில் இன்னொரு தூணுக்கு அனுப்பி வைத்தார்கள். அவர் நன்றாக இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சமைப்பீங்களா?" என்று கேட்டார்.

"சமைப்பேன். நல்லா இருக்காது."

"சரி."

அதற்கப்புறம் அவரிடம் கேள்வி இல்லை. தூணில் இருந்த யாளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படியே போனால் யாளிக்குத்தான் சம்பந்தம் அமையும் என்று தோன்றியதால் நான் கேட்டேன். "வேலை முடிஞ்சு வந்தா என்ன செய்வீங்க?"

அவர் தன் அம்மா இருந்த பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"லாரி ஓட்டுவேன்."

மில் சம்பளம் போதாமல் பகுதி நேர வேலை பார்க்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒருவர் வண்டி ஓட்டுகிறேன் என்றால் அடுத்து கேட்கிற கேள்வி ஒன்றுதான். அதையே கேட்டேன். "எந்த ரூட்டு?"

"இப்ப போலந்து போய்ட்டிருக்கேன்," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கேம்ல. லேப்டாப்ல ஓட்டுறது," என்று சேர்த்துக்கொண்டார்.

பிறகு அவர் பேசினார். சமையலைப் பற்றிக் கேட்ட மனிதர்தானா இவர் என்று இருந்தது. "ரோடு வழுவழுன்னு கெடக்கும். ஆனா ரவுண்டானா ஜாஸ்தி. பின்னால ட்ரெய்லர் வருதுங்கிறத மறந்துட்டுத் திரும்பினோம்னா மூலையில இடிச்சிரும். மழை பெஞ்சா வைப்பரப் போட்டுட்டு ரேடியோ கேட்டுக்கிட்டே போவேன். லோடு எறக்குற எடத்துல ரிவர்ஸ் எடுத்து நிப்பாட்டணும். அதுதான் கஷ்டம்."

"ஜெயிச்சா என்ன ஆகும்?"

"ஜெயிக்கிறதெல்லாம் கிடையாது. லோடு எறங்கிரும்."

"பொறவு?"

"அடுத்த லோடு."

ஒரு விளையாட்டைப் பற்றி இவ்வளவு நேர்மையான விவரணையை நான் அதுவரை கேட்டதில்லை.

"நீங்க கேம் ஏதும் ஆடுவீங்களா?" என்று அவர் கேட்டார். மிட்டாய்களை வரிசையாக அடுக்கி உடைக்கிற விளையாட்டு என்று பதில் வரும் என எதிர்பார்த்த குரல் அது.

"துப்பாக்கி கேம். விமானத்துல கொண்டு போயி ஒரு தீவுல எறக்கி விடுவாங்க. கடைசி வரைக்கும் உயிரோட இருந்தா ஜெயிச்சோம்."

"எத்தன பேரச் சுடுவீங்க?"

"அன்னைக்கு ஆபீஸ்ல எப்படி இருந்துச்சுங்கிறதப் பொறுத்து."

அவர் தலையை ஆட்டினார். நானும் இப்போது ஆடுவதைப் பற்றி என் அபிப்பிராயத்தைச் சொன்னேன். புதிதாகப் பனி பெய்கிற தீவு ஒன்று வந்திருக்கிறது, எனக்குப் பிடிக்கவில்லை, நடந்தால் கால் தடம் விழுகிறது, ஒளிந்துகொள்ள வழியில்லை, அதில் சேலத்துக்காரர் ஒருவரும் கொல்லத்துக்காரர் ஒருவரும் என் அணியில் இருக்கிறார்கள், நான் மைக்கை அணைத்தே வைத்திருப்பதால் இருவரும் என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"தூரத்துல இருந்து சுடுவீங்களோ?"

"இல்ல. பக்கத்துல போயித்தான்."

அவர் தூணை ஒட்டிக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். ஆனால் எழுந்து போகவில்லை. நடை சாத்தப் போகிறார்கள் என்று ஒருவர் வந்து எழுப்பும்வரை பேசிக்கொண்டிருந்தோம். கிளம்பும்போது அவர் ஒரு யோசனை சொன்னார். அவர் என் விளையாட்டை ஆடிப் பார்ப்பது, நான் அவர் விளையாட்டை ஆடிப் பார்ப்பது, அதன் பிறகு வீட்டில் பதில் சொல்வது. ஜாதகம் பார்த்தாகிவிட்டது, இதையும் பார்த்துவிடலாம் என்றார். எனக்கு நியாயமாகப் பட்டது.

ஆட்டோவில் அம்மா கேட்டாள். "ஏட்டி, அம்புட்டு நேரம் என்னதான் பேசுனீக?"

"ரோட்டப் பத்தி."

"எந்த ரோட்ட?"

"போலந்து ரோடு."

அம்மா அப்பாவைப் பார்த்தாள். "படிச்ச பையன், நாலு எடம் தெரிஞ்சிருக்கும்," என்றார் அப்பா. மறுநாள் அம்மா இதைத் தரகரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள். மாப்பிள்ளை போலந்தைப் பற்றியெல்லாம் பேசுகிறாராம் என்று.

என் போனில் அதே மாதிரியான லாரி விளையாட்டு ஒன்றை இறக்கிக்கொண்டேன். முதல் நாள் முன்னால் போன எல்லா வண்டிகளையும் முந்தினேன். சுங்கச் சாவடியை இடித்தேன். கண்ணாடி லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியவள், வெறும் லாரியைக் கொண்டுபோய் நிறுத்தினேன். "உங்க கேம்ல யாரும் யாரையும் எதுவும் செய்ய மாட்டாங்களா?" என்று அவருக்குச் செய்தி அனுப்பினேன். "போலீஸ் ஃபைன் போடும்," என்று பதில் வந்தது.

அலுவலகத்தில் சாப்பாட்டு வேளையில் ஓட்டினேன். பக்கத்து நாற்காலி அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, லெஃப்ட்ல எடம் இருக்கே, ஏன் நடுரோட்டுல போற?" என்றார். அவர் தினமும் கான்சாபுரத்திலிருந்து ஸ்கூட்டரில் வருகிறவர். போலந்தில் எல்லாரும் வலது பக்கமாகப் போவார்கள் என்பது எனக்கே அப்போதுதான் உறைத்தது.

ஒரு நாள் ஒரு மனிதர் சான்றிதழ் கிடைக்கத் தாமதமானதற்கு என் மேஜை முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி கத்திவிட்டுப் போனார். தாமதத்துக்கு நான் காரணம் இல்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு இடைவெளி கிடைக்கவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கியைத்தான் தேடினேன். என்ன தோன்றியதோ, லாரியை எடுத்தேன். விளையாட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. முன்னால் ஒரு லாரி போய்க்கொண்டிருந்தது. அதன் சிவப்பு விளக்குகளைப் பார்த்தபடி, முந்தாமல், அதன் பின்னாலேயே போனேன். வைப்பர் போய்ப் போய் வந்தது. போய்ச் சேர்ந்து லோடை இறக்கும்போது அந்த மனிதரின் முகம் எனக்குச் சரியாக நினைவு வரவில்லை.

இதை அவரிடம் சொல்லவில்லை. "பரவாயில்ல, ரிவர்ஸ்தான் வரல," என்று மட்டும் அனுப்பினேன்.

என் விளையாட்டைப் பற்றி அவருடைய அபிப்பிராயம் குரல் பதிவாக வந்தது. மில் சத்தத்துக்குப் பழகியவர் என்பதால் மெதுவாகப் பேச வராது. "எறங்கின ஒடனே ஒரு வீட்டுக்குள்ள போயி பாத்ரூம் கதவச் சாத்திக்கிட்டேன். வெளிய ஒரே வெடிச் சத்தம். உள்ள டைல்ஸ் எல்லாம் நல்லாப் போட்டிருக்காங்க. செத்த நேரம் அப்படியே நின்னேன். பொறவு பாத்தா நானும் இன்னொரு ஆளுந்தான் மிச்சம். அவரு வந்து கதவத் தொறந்தாரு. ரெண்டாவது எடம்."

தீவு முழுக்க ஓடி ஓடிச் சுட்டும் நான் ரொம்ப நாளாக வாங்காத இடம் அது. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாக இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

பிறகு அவரை என் அணியிலேயே சேர்த்துக்கொண்டேன். துப்பாக்கியைக் கையில் கொடுத்தாலும் சுட மாட்டார். அதனால் ஜீப்பை ஓட்டும் வேலையைக் கொடுத்தோம். அதை அவர் மிகுந்த பொறுப்போடு செய்தார். நாலா பக்கமும் குண்டு பாயும்போதும் வளைவில் வேகத்தைக் குறைத்தார். சேலத்துக்காரர் பொறுக்க மாட்டாமல், "தம்பி, யாருப்பா இந்த டிரைவரு? குழியில எறக்காமப் பாத்துப் பாத்து ஓட்டுறாரு?" என்று மைக்கில் கேட்டார். "தெரிஞ்சவர்," என்று தட்டச்சு செய்தேன்.

இந்தச் சமயத்தில்தான் அவருடைய அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார்.

மதியம் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்தால் வராந்தாவில் ஒயர் கூடையோடு நின்றிருந்தார். கோவிலில் பார்த்ததைவிடச் சின்னவராகத் தெரிந்தார். தனியாக பஸ் ஏறி வந்திருந்தார். உள்ளே பேச முடியாது என்று எதிரே இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போனேன். டீயை வாங்கி வைத்துக்கொண்டார், குடிக்கவில்லை.

"எம் மகனுக்கு ஒன்னையப் பிடிச்சிருக்கு தாயி. அவன் வாயத் தொறந்து சொல்லல. போனப் பாத்து அவம்பாட்டுக்குச் சிரிக்கான். நான் பாத்துக்கிட்டுத்தான இருக்கேன்."

நான் கடைக்காரரிடம் டீக்குக் காசைக் கொடுத்தேன்.

"கட்டிக்கிடுங்க. எனக்குச் சந்தோசந்தான். ஆனா அவன வெளிநாட்டுக்கு மட்டும் போகச் சொல்லாத."

"நான் எப்பம்மா போகச் சொன்னேன்?"

"தரகர் சொன்னாரு, மாப்பிள்ள போலந்து போறதுக்கு ஏற்பாடு நடக்கு, பொண்ணு வீட்டுலயும் அதத்தான் விரும்புதாகன்னு. நான் நம்பல. நேத்து அவனே போன்ல ஒங்கிட்டச் சொல்லுதான். 'புது ட்ரெய்லர் எடுத்துட்டேன், இனிமே பெரிய லோடு கொடுப்பாங்க, போலந்துக்குப் போனா திரும்பி வரவே மனசில்ல'ங்கான். என் காதால கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"அவுக அப்பா சவுதியில ட்ரெய்லர்தான் ஓட்டுனாக," என்றார். "கல்யாணம் ஆன கையோட போனாக. லீவுக்கு வருவாக, பொறவு போயிருவாக. இவன் பொறக்கும்போது இல்ல. மொட்ட போட்டுக் காது குத்தும்போது இல்ல. ஒருவாட்டி வந்திருக்கும்போது, 'இந்த மாமா எப்பம்மா போவாரு'ன்னு இவன் கேட்டான். அவியளுக்கு முகமே செத்துப் போச்சு. கடைசியா ஒரேயடியா வரும்போது கிட்னி போயிருந்துச்சு. நாங்க ரெண்டு பேரும் சேந்தாப்புல இருந்தது ஆஸ்பத்திரியிலதான். சேத்தூர்ல எங்க அக்கா சொல்லுவா, ஒன் புருசன் போட்டோவுல இருந்த நேரம்தான் சாஸ்தின்னு."

அவர் கண் கலங்கவில்லை. கடைக்காரரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"நான் ஒருத்தி இருந்தது போதும். நீயும் எதுக்கு அப்படி இருக்கணும்? அதச் சொல்லத்தான் வந்தேன். அவன்கிட்டச் சொன்னா கோவப்படுவான்."

மகனைத் தடுக்க வந்திருக்கிறார் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எனக்காகவும் சேர்த்துத்தான் பஸ் ஏறியிருக்கிறார். அப்படி வந்தவரிடம், நீங்கள் பயப்படுவது ஒரு விளையாட்டைப் பார்த்து என்று எப்படிச் சொல்வது? வேறு வழி தெரியாமல் போனை எடுத்து லாரியைத் திறந்தேன்.

"அம்மா, இதப் பாருங்க. இதுதான் போலந்து."

கூடையிலிருந்து கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இது என்ன, பொம்மப் படமா?"

"கேம்மா. அவர் இதத்தான் லேப்டாப்ல ஓட்டுறாரு. வேல முடிஞ்சு வந்து, ரூம்ல உக்காந்து."

"ரூம்லயா?"

"ஆமா."

"கதவச் சாத்திக்கிட்டு இதத்தான் செய்யுதானா?"

"ஆமாம்மா."

பயம் போன இடத்தில் கோபம் வருமா, சிரிப்பு வருமா என்று நான் காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. "ஓட்டிக் காமி," என்றார்.

ஓட்டினேன். அவர் பார்க்கிறார் என்பதால் யாரையும் முந்தவில்லை. இரண்டு பக்கமும் வயலும், தூரத்தில் காற்றாலைகளும் வந்தன.

"ஆளே இல்லியே," என்றார்.

"கேம்ல ரோட்டுல ஆளு போட மாட்டாங்கம்மா."

"அவுக அப்பாவும் இதத்தான் சொல்லுவாக. ரோடு இருக்கும், வண்டி இருக்கும், மனுச மக்க இருக்காதும்பாக. எனக்கு அது எப்படின்னு வெளங்காது. நம்மூர்ல ஆளில்லாத ரோட்ட நான் எங்க கண்டேன்?" போனைக் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "இப்படித்தான் போலிருக்கு."

லோடு இறங்கும்வரை பார்த்தார். டீயில் ஆடை கட்டியிருந்தது. என் சாப்பாட்டு நேரம் முடிந்து வெகுநேரம் ஆகியிருந்தது. நான் ரிவர்ஸ் எடுக்கும்போது இரண்டு தடவை சுவரில் முட்டினேன். அவர் "பைய, பைய," என்றார்.

"இதுல சவுதி இருக்கா?" என்று கேட்டார்.

"என் போன்ல இல்லம்மா."

"இல்லாமலே இருக்கட்டும்." கண்ணாடியைக் கழற்றி உறையில் போட்டார். "அது என்ன எப்பப் பாத்தாலும் அம்மா அம்மான்னு? அத்தைன்னு கூப்பிடு."

விண்ணப்பத்தில் இருக்கும் எழுத்துப்பிழையைத் திருத்தச் சொல்லும் குரலில் சொன்னார். நான் திருத்திக்கொண்டேன்.

எழுந்தவர் ஏதோ நினைவு வந்து நின்றார். "நீ ஆளுகளச் சுடுவியாமே? அவன் சொன்னான்."

"கேம்ல, அத்தை."

"அவன் சுட மாட்டானே."

"பாத்ரூம்ல ஒளிஞ்சிக்கிடுவாரு."

"சின்னப் பிள்ளையிலயே அப்படித்தான்," என்றார் அத்தை. "கண்ணாமூச்சி ஆடுனா கண்டுபிடிக்கவே முடியாது. ஒருநா தெருவே தேடி, போலீசுக்குப் போவோம்னு கெளம்பும்போது பீரோவுக்குப் பின்னால இருந்து வாரான்." அதைச் சொல்லும்போதுதான் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு பக்கத்துக் கடையில் பால்கோவா வாங்கிக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.

சாயங்காலம் அவரைப் போனில் கூப்பிட்டேன்.

"உங்க அம்மா வந்துட்டுப் போனாங்க."

"எதுக்கு?"

"நீங்க போலந்து போகக் கூடாதாம்."

"லோடு ஏத்திட்டேனே," என்றார்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை என்று அவருக்குப் புரிய வைக்கக் கொஞ்ச நேரம் ஆனது. டீக்கடையில் நடந்ததை முழுக்கச் சொன்னேன். மாமா எப்போது போவார் என்று அவர் கேட்ட கதையை மட்டும் விட்டுவிட்டேன். அவர் அமைதியாகக் கேட்டார். பிறகு, "அப்பா எப்படி ஓட்டுவாருன்னு எனக்குத் தெரியாது. அவரு வீட்டுல இருக்கும்போது வண்டியத் தொட்டதே இல்ல. பஸ்லகூட டிரைவர் பக்கம் உக்கார மாட்டாரு. நானும் கேக்கல," என்றார். "நான் ட்ரெய்லர் ஓட்டுறது எதுக்குன்னு அம்மா கேட்டா என்ன சொல்லுறதுன்னுதான் கதவச் சாத்திக்கிட்டேன்."

"இனிமே சாத்த வேண்டாம்," என்றேன்.

இரண்டு வீட்டிலும் சரி என்று சொன்னோம். போலந்து ரத்தானதில் என் அம்மாவுக்கு மட்டும் லேசான வருத்தம். அவள் அதற்குள் எதிர்வீட்டில் சொல்லியிருந்தாள். ராஜபாளையத்தில் கல்யாணம் நடந்தது. எல்லாம் தன்னுடைய பேச்சுத் திறமையால் கூடி வந்தது என்று தரகர் பந்தியில் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு வகையில் உண்மைதான், அதனால் யாரும் மறுக்கவில்லை. சேலத்துக்காரர் பஸ் பிடித்து வந்திருந்தார். தம்பி என்று நினைத்திருந்தவள் பட்டுப்புடவையில் நிற்பதைப் பார்த்து, கொண்டுவந்த பரிசை யாரிடம் கொடுப்பதென்று தெரியாமல் திகைத்தார். பிறகு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "டிரைவர் நீங்கதானா? ஜீப்ப நல்லா வச்சிருந்தீங்க," என்றார். என்னிடம் கடைசிவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை. இப்போதும் மைக்கில் மட்டும் சகஜமாகப் பேசுகிறார்.

இப்போது நான் ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய் வருகிறேன். சில மாதங்களாக நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடும் சமையல் விளையாட்டு ஒன்றை டிவியில் ஆடிக்கொண்டிருந்தோம். ஓட்டலில் ஆர்டர் வந்துகொண்டே இருக்கும், ஒருவர் நறுக்க வேண்டும், ஒருவர் வேக வைக்க வேண்டும். என் அபிப்பிராயம், புதிதாகக் கல்யாணமானவர்கள் அதை ஆடக் கூடாது. அவர் ஒரு தக்காளியை நறுக்கி, அதைத் தட்டில் அழகாக வைத்து, நகர்ந்து நின்று பார்ப்பார். அதற்குள் அடுப்பு பற்றி எரியும். நான் போடுகிற சத்தத்தில் அத்தை நிஜ சமையலறையிலிருந்து ஓடி வந்து சிலிண்டரை மூடச் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதற்கு மேல் ஆடினால் இரண்டு வீட்டாரையும் கூப்பிட்டுப் பேச வேண்டிவரும் என்று ஒத்துக்கொண்டு நிறுத்திவிட்டோம்.

நான் மறுபடியும் தீவுக்குப் போய்விட்டேன். அவர் மீன் பிடிக்கிற விளையாட்டு ஒன்றை வாங்கியிருக்கிறார். ஓர் ஏரி, ஒரு தூண்டில், ஒரு மடக்கு நாற்காலி. போன வாரம் முழுக்க அதன் முன்னால்தான் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"நல்லா இருக்கு."

"மீன் மாட்டுச்சா?"

"இன்னும் இல்ல."

நேற்று ஒன்று மாட்டியது. அவர் கூப்பிட்டார், நானும் அத்தையும் போய்ப் பார்த்தோம். வெள்ளியாக மின்னிக்கொண்டு அவர் கையில் துள்ளியது. அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்துவிட்டு, "கெண்டையா, விராலா?" என்று கேட்டார்.

"தெரியலம்மா, வாயில நொழையாத பேராப் போட்டிருக்கு," என்று சொல்லிவிட்டு அதைத் தண்ணீரில் விட்டார்.